ஈரத்துக்குக் கழித்த நிறை

எனக்கு இறக்கம் என்றால் பயம். ஏற்றத்தில் மூச்சு வாங்கும், நெஞ்சு படபடக்கும், இரண்டு வளைவுக்கு ஒரு தடவை கல்லில் உட்கார வேண்டியிருக்கும். ஆனால் பயம் இருக்காது. இறக்கம் அப்படியல்ல. இலங்கை மலையகத்தில் ஸ்பிரிங்வெளித் தோட்டப் பக்கத்திலிருந்து பதுளை டவுனுக்கு இறங்கும் ரோட்டைத் தெரிந்தவர்களுக்கு நான் சொல்வது புரியும். ஒரு பக்கம் தேயிலை மலை, மறுபக்கம் தேயிலைப் பள்ளம், நடுவில் இரண்டு பஸ் ஒதுங்கத் திண்டாடும் தார் ரோடு. தொண்ணூறுகளின் நடுவில் சில வருஷங்கள் அந்த ரோட்டில் காலைதோறும் சைக்கிளில் இறங்கினேன். முன் பாரில் என் மகள் உட்கார்ந்திருப்பாள்.

நான் பெரிய உடம்புக்காரன். தோட்டத் தொழிலாளர் லயத்தில் பிறந்து ரொட்டியும் சம்பலும் தின்று வளர்ந்தவனுக்கு இந்த உடம்பு எங்கிருந்து வந்தது என்று எனக்கே தெரியாது. அப்பா ஒல்லி, அம்மா அதைவிட ஒல்லி. டவுனின் ஓரத்திலிருந்த ஒரு சின்னப் பள்ளிக்கூடத்தில் எனக்கு ஆசிரியர் நியமனம் கிடைத்தபோது, முதல் வாரமே பிள்ளைகள் 'லொறி சேர்' என்று பெயர் வைத்துவிட்டார்கள். கோபம்தான் வந்தது. லொறிக்கு இருக்கிற பிரேக் எனக்கு இல்லையே என்று ஏங்கும் காலம் பிறகு வந்தது.

என் மனைவி நாங்கள் குடியிருந்த தோட்டத்திலேயே கொழுந்து எடுத்தாள். வாத்தியார் பெண்டாட்டி கூடை தூக்குவதா என்று சிலர் கேட்டார்கள். என் ஒரு சம்பளத்தில் வீடு ஓடாது என்பது கேட்டவர்களுக்கும் தெரியும். மகளுக்கு டவுனில் பெரிய பள்ளிக்கூடம் ஒன்றில் இடம் கிடைத்தது. எங்கள் லயத்திலிருந்து அங்கே போன முதல் பெண்பிள்ளை அவள்தான். அவள் கூடை தூக்கக்கூடாது என்பதைத் தவிர என் மனைவி கடவுளிடம் வேறு எதுவும் கேட்டு நான் பார்த்ததில்லை.

காலை பஸ் மேல் தோட்டங்களிலேயே நிரம்பி, மிதிபலகையில் ஆள் தொங்க வரும். எங்கள் வளைவில் டிரைவர் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார். பின்னேரம் பஸ் டவுனிலிருந்து புறப்படுவதால் மகளுக்கு ஏற இடம் கிடைக்கும். ஆகவே காலையில் அவளை நான் சைக்கிளில் கொண்டுபோய் விடுவேன், பின்னேரம் அவள் பஸ்ஸில் வருவாள், நான் சைக்கிளோடு மலை ஏறுவேன். ரோட்டு வழியே உருட்டினால் பொழுது சாய்ந்துவிடும். தேயிலைக்குள் போகும் குறுக்குப் படிகளில் சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு ஏறினால்தான் நேரத்துக்கு வீடு வரலாம். காலையில் சைக்கிள் என்னைச் சுமக்கும், பின்னேரம் நான் அதைச் சுமப்பேன். என்னைத் தாங்குகிற பலமும் வேண்டும், என்னால் தூக்க முடிகிற இலேசும் வேண்டும். இரண்டும் ஒரே சக்கரத்தில் கிடைப்பது குதிரைக்கொம்பு என்பது பிறகுதான் தெரிந்தது.

சைக்கிள் ஜப்பானிலிருந்து வந்த பழையது. சட்டம் நல்ல சட்டம். சக்கரம்தான் இரும்பு ரிம். பின் சக்கரத்தில் கம்பி அடிக்கடி அறுந்தது. அறும்போது 'டிங்' என்று ஒரு சத்தம் வரும். அந்தச் சத்தம் கேட்டால் பிரேக்கை இறுக்கிப் பிடிப்பேன். மகள் திரும்பாமலே, "அப்பா, இன்னொன்னு போயிருச்சா?" என்று கேட்பாள். "இல்ல, கல்லு தெறிச்சிச்சு" என்பேன். டயரும் என் பாரத்துக்கு நசுங்கி, குழியில் இறங்கினால் ரிம்முக்கும் ரோட்டுக்கும் நடுவே டியூப் கடிபட்டு, பக்கத்துப் பக்கமாக இரண்டு ஓட்டை விழும். ஒட்டி ஒட்டி அந்த டியூபில் பழைய ரப்பரைவிட ஒட்டு ரப்பர்தான் அதிகம்.

இதெல்லாம் பொறுத்துக்கொள்ளக்கூடிய பயங்கள். பொறுக்க முடியாத ஒன்று ஐப்பசி மழையில் நடந்தது.

டவுனுக்குள் நுழையும் இடத்தில், இறக்கம் முடிகிற வளைவுக்குக் கீழே, செக் பொயின்ட் ஒன்று இருந்தது. மண் மூட்டை, தகரப் பீப்பாய், குறுக்கே ஒரு கம்பு. தூரத்திலேயே இறங்கி, சைக்கிளை உருட்டிக்கொண்டு, அடையாள அட்டையைக் கையில் பிடித்து நடந்து போக வேண்டும். தமிழ் ஆள் என்றால் கேள்வி இரண்டு கூடுதலாக இருக்கும். யுத்தக் காலம் அப்படி. அன்று விடியற்காலையிலிருந்தே மழை. இரும்பு ரிம் நனைந்துவிட்டால் பிரேக் ரப்பர் அதன்மேல் எண்ணெய் தடவியதுபோல வழுக்கும். மேல் வளைவில் பிரேக்கை அமுக்கினேன். பிடிக்கவில்லை. இரண்டு கையாலும் இறுக்கினேன். சைக்கிள் வேகம் எடுத்தது. காலைத் தரையில் தேய்த்தேன், செருப்பு கழன்று போனது. கம்புக்குப் பக்கத்தில் நின்ற சிப்பாய் கையை நீட்டி நிற்கச் சொன்னான். அடுத்த விநாடி துப்பாக்கி உயர்ந்தது.

எனக்குச் சிங்களம் நன்றாகத் தெரியும். அந்த நேரத்தில் ஒரு சொல் வரவில்லை. தமிழும் வரவில்லை. "மாத்தயா, பிரேக் நே! பிரேக் நே!" என்று, பிரேக் இல்லை ஐயா என்பதைச் சிங்களத்தில் கத்தியவள் மகள். நான் கைப்பிடியை மலைப்பக்கம் ஒடித்தேன். ரோட்டோரத் தண்ணீர்க் கானுக்குள் சக்கரம் இறங்கி, நாங்கள் இருவரும் தேயிலைச் செடிமேல் போய் விழுந்தோம்.

சிப்பாய் ஓடி வந்து மகளைத் தூக்கி நிறுத்தினான். அவனும் சின்னப் பையன்தான். என்னை மேலும் கீழும் பார்த்து, தெரிந்த கொஞ்சத் தமிழில், "ஐயா, சைக்கிள் பாவம்" என்றான். சிரிக்க வேண்டும் போலிருந்தது, முடியவில்லை. மகளுக்கு முழங்கையில் சிராய்ப்பு, எனக்கு உடம்பெல்லாம். அவள் நனைந்த புத்தகப் பையைத் துடைத்துக்கொண்டு பள்ளிக்கூடம் போனாள். நான் அன்று வகுப்பில் கரும்பலகையைப் பார்த்தபடியே நின்றேன். ஒரு விரல் அசைந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதைத் தவிர வேறெதுவும் மனதில் ஓடவில்லை.

வீட்டில் மறைக்கலாம் என்றிருந்தேன். சிராய்ப்பு காட்டிக்கொடுத்துவிட்டது. மனைவி மகளின் முழங்கையில் மஞ்சள் பூசினாள்.

"புள்ளைய இனிமே அதுல ஏத்தாதீங்க."

"அப்ப பள்ளிக்கூடம்?"

அவள் அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள். விறகைத் தள்ளிக்கொண்டே, "சக்கரத்த மாத்துங்க. பிரேக் புடிக்கிற சக்கரம், ஒடையாத சக்கரம். அது வரைக்கும் நடந்து போங்க" என்றாள். மகளும் நானும் இருட்டோடு எழும்பி நடந்தோம். வாரத்தில் பாதி நாள் அவள் பிந்திப் போய் வகுப்புக்கு வெளியே நின்றாள். பிந்துகிற பிள்ளைக்கு இந்தப் பள்ளிக்கூடத்தில் இடமில்லை என்று ஆசிரியை சொல்லியனுப்பினார்.

அந்த நாட்களில் நான் சக்கரத்தைத் தவிர வேறெதையும் பார்க்கவில்லை. ரோட்டில் போகிற சைக்கிளையெல்லாம் நிறுத்தி, கம்பியை எண்ணினேன். பண்டாரவளைச் சந்தைக்குப் போன ஞாயிற்றுக்கிழமை, மரக்கறி மூட்டையைக் கட்டி உருட்டி வந்தவர்களின் பின் சக்கரங்களைக் குனிந்து பார்த்ததில், என்னைத் திருடன் என்று நினைத்துவிட்டார்கள். எனக்குப் புரிந்தது இதுதான். இரும்பு ரிம் பலம், ஆனால் பாரம், மழையில் பிரேக் நிற்காது. அலுமினியம் இலேசு, நனைந்தாலும் பிரேக் கவ்வும், ஆனால் ஒற்றைத் தகடாக இருந்தால் என் கீழே அப்பளமாகிவிடும். உள்ளே இரண்டு அடுக்குப் போட்ட அலுமினிய ரிம் வேண்டும். கம்பி எத்தனை, எவ்வளவு தடிப்பு என்பது ஏறுகிறவனின் பாரத்தைப் பொறுத்தது. டயர் அகலமாக இருக்க வேண்டும், ஆனால் டிராக்டர் டயர் மாதிரி பல் பல்லாக வேண்டாம். அது தார் ரோட்டில் இழுக்கும், தோளிலும் கனக்கும்.

பதுளை பஜாரில் சைக்கிள் கடை வைத்திருந்த முஸ்லிம் நானாவுக்கு வாய் நீளம், 'சொல்' அந்த வாயில் 'செல்' ஆகிவிடும். எதைக் கேட்டாலும் இரும்பு ரிம்மைத்தான் எடுத்துக் காட்டுவார். அவரிடம் அதுதான் தேங்கிக் கிடந்தது. நான் விடாமல் நின்றதில் கடைசியில் அலுமினிய ரிம் இரண்டு மாதிரி மேல் தட்டிலிருந்து இறங்கியது. இரண்டுமே இரண்டடுக்கு. ஒன்று முப்பத்திரண்டு கம்பி, கையில் எடுத்தால் வளையல் மாதிரி இருந்தது. மற்றது முப்பத்தாறு கம்பி, தடித்தது, கனமும் கூட.

"ஒங்கட பாரம் எவ்வளவு சேர்?" என்றார் நானா.

"தெரியாது."

"பாரம் செல்லாம எனக்கு ரிம் செல்ல ஏலா. நூத்திப் பத்துக்குள்ள எண்டா இந்தச் சின்னது தாங்கும். ஆளும் புள்ளையும் பையும் சேத்துச் செல்றேன். அதுக்கு மேல எண்டா பெரிசுதான்."

மருந்துக் கடை வாசலில் நிறை பார்க்கிற மெஷின் ஒன்று இருந்தது. அதில் ஏற எனக்கு வெட்கம். என் மாணவர்கள் சுற்றும் பஜார் அது. தோட்டத்திலேயே தராசு இருக்கும்போது ஊர் சிரிக்க ஏன் ஏற வேண்டும் என்று நினைத்தேன். எங்கள் டிவிஷனில் கொழுந்து நிறுக்கும் மடுவக் கொட்டகையில் பழைய மேடைத் தராசு ஒன்று கிடந்தது. நிறுக்கிற கணக்கப்பிள்ளை என்னோடு ஒரே வகுப்பில், ஒரே வாங்கில் உட்கார்ந்து படித்தவன். அன்று பின்னேரம் பள்ளிக்கூடம் விட்டு வந்த மகளையும் புத்தகப் பையையும் சேர்த்துக் கூட்டிப்போனேன். மழை. நாங்கள் சொட்டச் சொட்ட நின்றோம். கொழுந்து நிறுத்து முடித்த பெண்கள் சிலர் சாக்கை உதறிக்கொண்டு, "வாத்தியாரு எத்தன கிலோ கொழுந்து எடுத்தாரு?" என்று கேலி செய்தார்கள். மகள் என் வயிற்றோடு ஒட்டி நின்று சிரித்தாள். கணக்கப்பிள்ளை தராசுத் தண்டில் நிறைக் குண்டைத் தள்ளி, ஒரு கண்ணை மூடிப் பார்த்து, எப்போதும் கூப்பிடுகிற அதே ராகத்தில் கூப்பிட்டான்:

"நூத்தியெட்டு!"

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. பயந்த அளவுக்கு நான் பெரியவன் இல்லை. மறுநாளே சின்ன ரிம்மில் இரண்டு சக்கரமும் கட்டச் சொன்னேன். நானா கட்டித் தந்தார்.

புதுச் சக்கரம் சொர்க்கமாக இருந்தது. மழையிலும் பிரேக் கவ்வியது. செக் பொயின்டுக்கு மேலேயே நின்று, இறங்கி, மரியாதையாக உருட்டிப் போனோம். சிப்பாய் கையைத் தூக்கி, "பிரேக் தியெனவாத?" என்று மகளைக் கேட்பான், பிரேக் இருக்கிறதா என்று. "தியெனவா!" என்பாள் அவள். பின்னேரம் தோளில் சைக்கிள் இருப்பதே தெரியாது. ஆனால் மழைக்காலம் முடிவதற்குள், கீழ் வளைவில் திரும்பும்போது பின்னாலிருந்து ஒரு சின்னச் சத்தம் கேட்கத் தொடங்கியது. 'டிங்' இல்லை. பல்லைக் கடிப்பதுபோல ஒரு நறநறப்பு. கம்பி உரசுகிறது, போகப் போகச் சரியாகும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பயந்தவன் தனக்குத்தானே சொல்லிக்கொள்கிற சமாதானம் எப்போதும் இப்படித்தான் இருக்கும்.

ஒரு பின்னேரம் மனைவி தலையிலிருந்து சாக்கை வீசியெறிந்துகொண்டு வீட்டுக்குள் வந்தாள். நனைந்து, சிவந்து, கோபத்தில் இருந்தாள்.

"சாக்குக்குக் கழிக்கிறான், சரி. தண்ணிக்குப் பத்துக்கு ஒன்னு கழிக்கிறான். ஒதறி ஒதறித்தான் குடுத்தேன். அப்பவும் கழிக்கிறான். மழ பெஞ்சா எங்க கொழுந்தெல்லாம் தண்ணியாம்!"

நான் சமாதானப்படுத்தப் பார்த்தேன். "அவன் மோசமானவன் இல்ல. தொர சொல்றதச் செய்யிறான். அன்னைக்கு எங்க ரெண்டு பேரையும் நிறுத்துக் குடுத்தானே."

ஈரச் சேலையைப் பிழிந்துகொண்டிருந்தவள் நிறுத்தினாள்.

"எங்க வச்சு நிறுத்தான்?"

"மடுவத்துலதான். கொழுந்துத் தராசுல."

"மழையிலயா?"

"மழைதான். நனஞ்சிருந்தோம்."

அவள் என்னையே பார்த்தாள். நான் பேச்சைத் தொடர்ந்தேன், அவன் நூற்றியெட்டு என்று கூப்பிட்டதைப் பெருமையாகச் சொன்னேன். அவள் மெதுவாகத் தரையில் உட்கார்ந்தாள்.

"ஒங்களையும் கழிச்சுத்தான் சொல்லியிருக்கான்."

முதலில் எனக்குச் சிரிப்பு வந்தது. சாக்கு இல்லாத மனிதனுக்குச் சாக்குக் கழிவு, தண்ணீர்க் கழிவு! அடுத்த மூச்சில் சிரிப்பு நின்றுவிட்டது. வாசலுக்கு ஓடினேன். சைக்கிளைக் கவிழ்த்து, பின் சக்கரத்தை விளக்குக்குக் கிட்டே கொண்டுவந்து, சேற்றை விரலால் துடைத்தேன். கம்பி ரிம்முக்குள் நுழையும் ஓட்டை ஒன்றைச் சுற்றி மயிரிழை போல ஒரு வெடிப்பு. பக்கத்து ஓட்டையிலும் ஒன்று. சக்கரத்தைச் சுழற்றச் சுழற்ற ஒவ்வொன்றாக வந்தது. ஒரு இடத்தில் இரண்டு வெடிப்பும் ஒன்றையொன்று தொட்டிருந்தன.

அந்தச் சக்கரத்தில்தான் அன்று காலை மகளை ஏற்றி இறங்கினேன். கீழ் வளைவில் அவள் கையை விட்டு, பள்ளத்துக்கு மேலே பறந்த கொக்கைக் காட்டினாள். நடந்துவிட்ட ஆபத்துக்குப் பயப்படலாம், வரப்போகிற ஆபத்துக்கும் பயப்படலாம். வந்து, பக்கத்தில் உட்கார்ந்திருந்து, சும்மா எழும்பிப் போன ஆபத்துக்கு எப்படிப் பயப்படுவது என்று எனக்குத் தெரியவில்லை. வாசற்படியில் உட்கார்ந்து அழுதேன். மகள் வந்து, "அப்பா, கம்பி போயிருச்சா?" என்று கேட்டாள். இந்தத் தடவை கல்லு தெறித்தது என்று சொல்ல முடியவில்லை.

மறுநாள் பின்னேரம் மனைவி எங்களை மடுவத்துக்குக் கூட்டிப்போனாள். மழை விடவில்லை. அவள் கொழுந்துச் சாக்கை இன்னும் நிறுக்கவில்லை, அது தோளிலேயே இருந்தது. கணக்கப்பிள்ளையிடம் விஷயத்தைச் சொன்னதும் அவன் முகம் வெளுத்துவிட்டது.

"ஐயோ, கைப்பழக்கம் மச்சான். குண்டத் தள்ளுனா வாயி தானாக் கழிச்சிரும். வேணும்னு செய்யல."

"இப்பக் கழிக்காமச் சொல்லுங்க" என்றாள் மனைவி.

மகளும் நானும் பையும் ஏறி நின்றோம். அவன் குண்டைத் தள்ளினான். ஒரு கண்ணை மூடவில்லை, இரண்டு கண்ணாலும் பார்த்தான். வாயைத் திறந்து, மூடி, மறுபடி பார்த்துவிட்டுத்தான் சொன்னான்.

"நூத்தியிருவத்திரண்டு."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். எனக்குப் பூமிக்குள் போய்விடலாம் போலிருந்தது. மனைவி சிரிக்கவில்லை.

"வயசுக்கு வந்ததுலேர்ந்து இந்தத் தராசு முன்னுக்கு நிக்கிறேன்" என்றாள். "கழிக்காத நிறைய ஒங்க வாயால இன்னைக்குத்தான் கேக்குறேன்."

பிறகு தோளிலிருந்த சாக்கை இறக்கித் தராசில் வைத்தாள். "இதையும் அப்பிடியே சொல்லுங்க."

சிரிப்பு அடங்கிவிட்டது. அவன் தராசைப் பார்த்தான், வெளியே மழையைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். குண்டைத் தள்ளினான். கழித்துத்தான் சொன்னான். அவள் வெறும் சாக்கை மடித்துக்கொண்டாள்.

நூற்றியிருபத்திரண்டுக்குத் தகுந்த பெரிய ரிம்மில், தடித்த கம்பியில் பின் சக்கரம் கட்டினேன். பாரில் பிள்ளை இருக்கும்போது பிரேக் அமுக்கினால் பாரம் முன்னால் சரியும் என்று யோசித்து, முன் சக்கரத்தையும் அப்படியே கட்டச் சொன்னேன். அகல டயர் போட்டேன். தோளில் கனத்தது, படியில் கூடுதலாக இரண்டு இடத்தில் உட்கார்ந்தேன். முதல் நாள் காலை, காலை ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் போகிற அவசரத்திலும் மனைவி ரோடு வரை வந்தாள். குனிந்து, ஒவ்வொரு ஓட்டையாக விரலால் தடவிப் பார்த்துவிட்டு, மகளைத் தானே தூக்கிப் பாரில் வைத்தாள். "பாத்துப் போங்க" என்றாள். பயம் போகவில்லை. மேலிருந்து கீழ் வரை பிரேக்கிலிருந்து விரலை எடுக்காமல்தான் இறங்கினேன். அவள் பாரில் உட்கார முடியாதபடி வளர்ந்து, பின் கரியரில் ஏறிய பிறகும் அப்படித்தான்.

அந்தச் சக்கரங்கள் உடையவில்லை. செக் பொயின்டை ஒருநாள் எடுத்துவிட்டார்கள். இரண்டாயிரத்துக்குப் பிறகு மகளுக்கு டவுனில் ஒரு அலுவலகத்தில் வேலை கிடைத்தது. அவள் முதல் சம்பளத்தோடு பஸ்ஸில் ஏறி வந்த பின்னேரமும் மழைதான். உடுப்பைக்கூட மாற்றாமல், அம்மாவின் கூடையைத் தானே எடுத்துக்கொண்டு, அம்மாவின் பேரைத் தோட்டத்து வேலைப் பதிவிலிருந்து வெட்டச் சொல்வதற்காக மடுவத்துக்கு இறங்கினாள்.